முன்கதவு இல்லாத டிரெய்லர்

அக்டோபர் 13, 2003

லெம்பி,

சனிக்கிழமை டியூயியின் டிரெய்லர் மைதானத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான். என் மகன் அர்விட். அவன் மனைவி கரோல். என் தங்கை நீ. விற்கிற டியூயி. அவனுடைய கிழட்டு நாய். நாயையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், நான் பேசியபோது முகத்தைப் பார்த்துக் கேட்டது அது ஒன்றுதான்.

மறந்துவிட்டது என்று நீ சொல்வாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலை பத்து மணி, தூறல். நீ பச்சைத் தொப்பி போட்டிருந்தாய். போன கிறிஸ்துமஸுக்கு அர்விட் உனக்கு வாங்கித் தந்தது. எனக்கு அவன் தந்தது கையுறை, அதுவும் ஒரு அளவு பெரிசு.

நம்மிடம் மோட்டார் பனிவண்டிகள் நான்கு. அவனுக்கு, கரோலுக்கு, உனக்கு ஆளுக்கொன்று, எனக்கு என் மஞ்சள் வண்டி. இத்தனை வருஷமும் இரண்டு திறந்த டிரெய்லர்களில் ஏற்றி இரண்டு பிக்கப் வண்டியில் இழுத்துக்கொண்டு போனோம். போய்ச் சேரும்போது பனி உருகச் சாலையில் போட்ட உப்பும் சேறும் அப்பி, உட்காரும் இடம் எது எஞ்சின் எது என்று தெரியாது. நாலும் ஒன்றாகப் போகிற மாதிரி மூடிய டிரெய்லர் ஒன்று வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார்? நான். போன மார்ச்சில் என் சமையலறையில், நீ ஏலக்காய் ரொட்டியின் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது.

டியூயி இரண்டைக் காட்டினான். ஒரே நீளம், ஒரே விலை என்று அவனே சொன்னான். முதலாவதற்குப் பின்னால் ஒரு கதவு, முன்னால் ஒரு கதவு. இரண்டும் கீழே சாய்ந்து பலகையாகிவிடும். பின்னால் ஏற்றி முன்னால் இறக்கலாம். இரண்டாவதற்குப் பின்கதவு மட்டும்தான். முன்பக்க மூக்கில் கதவுக்குப் பதிலாக ஹெல்மெட் வைக்கிற அலமாரி.

என் வண்டி 1974ஆம் வருஷத்து வண்டி, அதற்கு ரிவர்ஸ் கிடையாது. உங்கள் மூவருடையதும் பொத்தானை அமுக்கினால் பின்னால் போகும். என்னுடையது என்னைப் போல, முன்னால் மட்டும். முன்கதவு இல்லாத பெட்டிக்குள் ஏற்றினால் அதை ஆள் வைத்து வாலைப் பிடித்து இழுக்க வேண்டும். இதைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் பின்கதவில்தான் படியும், குளிர் ஏறினால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும், அப்போது முன்கதவுதான் கைகொடுக்கும் என்றேன்.

அர்விட் என் பக்கம் திரும்பவில்லை. உன்னைத்தான் கேட்டான். "சித்தி, நீ என்ன சொல்ற?"

நீ அந்த அலமாரியைத் திறந்தாய், மூடினாய், மறுபடியும் திறந்தாய். "இதுவே போதும்டா. அலமாரி நல்லாயிருக்கு."

அவ்வளவுதான், முடிந்தது. டியூயி சாவியை எடுக்கப் போய்விட்டான்.

இப்போது டிரெய்லர் உன் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. என் வீட்டில் இடமில்லையாம். ஐம்பது மைல் தள்ளியிருக்கிறேனாம். இனி வாரா வாரம் அதைத் துடைக்கிறேன், கிரீஸ் போடுகிறேன் என்று உன் வீட்டுக்கு வருவான். நீ மீன் சூப் வைத்துக் கொடுப்பாய்.

எனக்கு ஒன்று மட்டும் எழுது. பிப்ரவரி முதல் சனிக்கிழமைக்கு நான் எப்படி வருவது? என் வீட்டுக்காரர் வெய்க்கோ போய்ப் பன்னிரண்டு வருஷம், அவரை நினைத்து நாம் கூடுவது அந்த ஒரு நாள்தான். டிசம்பர் வந்தால் ஏரிக்கரை வீட்டுக்குச் சாலை கிடையாது, பனிவண்டி மட்டும்தான் போகும் என்று உனக்கே தெரியும். பன்னிரண்டு வருஷமும் என் வண்டியை நானே ஓட்டிப் போயிருக்கிறேன். அங்கே நீராவிக் குளியலுக்குச் சவுனா அடுப்பை மூட்டுவதும் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வைப்பதும் நான்தான். அவர் பெண்டாட்டி நான்.

போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

ஹில்யா


அக்டோபர் 24, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

அந்த டிரெய்லரை நான் வாங்கவில்லை அக்கா. அர்விட் வாங்கினான். என்னைக் கேட்டான், வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டு பக்கமும் கதவு வைத்தால் காற்று புகும், உப்புத் தண்ணீர் புகும். கூர்மூக்கு இருந்தால் இழுக்கவும் சுலபம். அலமாரியும் உண்மையிலேயே நல்ல அலமாரிதான்.

உன் வண்டியைப் பற்றியும் பேசினோம். உள்ளே இரண்டு இரண்டாக நிறுத்தினால் பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லை. பின்னால் நின்று இழுக்க அர்விட்டுக்கு முதுகு ஆகாது, போன வருஷம்தான் ஆபரேஷன் ஆனது. அதனால் அவன் ஒரு யோசனை சொன்னான். நீ அவன் பின்னால் உட்கார்ந்து வரலாம். அவனுடையது இரண்டு பேர் உட்காரும் வண்டி, சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை இருக்கிறது, கைப்பிடியில் சூடு வருகிறது. அந்தச் சூடு உன் வண்டியில் கிடையாது.

எழுபத்துமூன்று வயதில் சும்மா உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு வருவதில் என்ன குறை? நானாக இருந்தால் வந்துவிடுவேன்.

அப்புறம், மீன் சூப் வைத்தது ஒரே ஒரு தடவைதான்.

உன் லெம்பி


அக்டோபர் 30, 2003

லெம்பி,

நீயாக இருந்தால் வந்துவிடுவாய். தெரியும். என் மகன் முதுகில் சாய்ந்துகொண்டு போக உனக்குக் கசக்குமா?

உப்புத் தண்ணீர் புகும் என்கிறாய். உன் பிக்கப்பின் அடிப்பாகம் இருபது வருஷமாக உப்பில் அரித்து, ஓட்டும்போது காலுக்குக் கீழே சாலை தெரிகிறது. அதைப் பார்த்து ஒரு நாளாவது கவலைப்பட்டாயா? இந்தப் பேச்சு உன்னுடையது இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. கரோலாக இருக்கும். போகட்டும்.

நீ பள்ளிக்கூடம் முடித்து அஞ்சல் நிலையத்தில் உட்கார்ந்தவள், கோர்வையாக எழுதுவாய். நான் ஆறாம் வகுப்போடு உருளைக்கிழங்கு தோண்டப் போனவள். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. இதைப் படி.

1957 நவம்பரில் நுரையீரலில் நோய் என்று என்னை சானடோரியத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அர்விட்டுக்கு அப்போது இரண்டு வயது. நீ பார்த்துக்கொள்கிறேன் என்றாய். பதினொரு மாதம். குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெய்க்கோ அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றார். நான் கையை ஆட்டினேன். அவன் எனக்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினான். அங்கே இருந்தவளுக்குத் தலைமுடி உன்னைப் போல.

1958 அக்டோபர் 4ஆம் தேதி நான் வீட்டுக்கு வந்தேன். நீ நீல ஏப்ரன் கட்டியிருந்தாய். என் ஏப்ரன். மூன்று வெள்ளைப் பொத்தான், நடுவில் இருந்தது தொங்கிக்கொண்டிருந்தது. அவன் உன் பின்னால் ஒளிந்துகொண்டு, உன்னைப் பார்த்து, "அம்மா, இது யாரு?" என்று கேட்டான்.

நீ திருத்தவில்லை. அடுப்பிலிருந்து காபியை எடுத்து, கோப்பையில் ஊற்றி, அதை மேஜையில் வைத்த பிறகுதான், "இவதான்டா உன் அம்மா" என்றாய். ஒரு கோப்பை நிறைகிற நேரம். அந்த நேரத்தை நாற்பத்தைந்து வருஷமாக வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அவனுக்குப் பல் விழுந்தாலும் உன்னிடம் காட்டினான். கரோலைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றும் முதலில் உன்னிடம்தான் சொன்னான். இப்போது டிரெய்லரும் உன் கொட்டகையில்.

யார் பின்னாலும் உட்கார்ந்து நான் வரமாட்டேன். என் வண்டியில் வருவேன், இல்லையென்றால் வரமாட்டேன்.

ஹில்யா


நவம்பர் 20, 2003

அக்கா,

மூன்று வாரம் யோசித்து எழுதுகிறேன். கோபமாக எழுதி இரண்டு கடிதங்களை அடுப்பில் போட்டாயிற்று.

அந்த ஏப்ரன் உன்னுடையதுதான். ஏன் கட்டினேன் தெரியுமா? முதல் வாரம் முழுக்க உன்னைக் கேட்டு அழுதான். உன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டதும் அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கினான். உன் வாசனைக்கு. அப்புறம் துவைக்கத் துவைக்க அந்த வாசனை போய், என் வாசனை வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்வது?

உனக்கு வெய்க்கோ இருந்தார், வீடு இருந்தது, பிள்ளை இருந்தான். எனக்கு என்று இருந்தது அந்தப் பதினொரு மாதம். நீ வந்த அன்று மாலையே என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாய். "சிரமப்பட்டாய்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெய்க்கோ என்னை வண்டியில் கொண்டுவிட்டார். இறக்கிவிடும்போது, "புள்ளை நல்லா சதை போட்டிருக்கான்" என்றார். எனக்குக் கிடைத்த நன்றி அது ஒன்றுதான்.

உன் ஞாபகசக்தியில் உனக்குப் பட்ட அடி மட்டும்தான் இருக்கிறது. நீ அடித்தது எதுவும் இல்லை.

டிரெய்லரைப் பற்றி இனி எழுதாதே. அது வாங்கியாகிவிட்டது.

லெம்பி


ஜனவரி 12, 2004

லெம்பி,

பெட்டியை வாசலில் வைத்தேன். ஞாபகம் இருக்கிறது. பழுப்புப் பெட்டி, கைப்பிடியில் கயிறு. நீ போகும்போது அவன் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு அழுதான், அந்தத் தடத்தை மூன்று நாள் துடைக்காமல் வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அதை விடு. கரோல் போன் பண்ணினாள். பிப்ரவரி 7ஆம் தேதி மூன்று பேரும் போகிறீர்களாம். அத்தை, நீங்க அவர் பின்னாலயே வந்துடலாமே என்றாள். வரமாட்டேன் என்றேன். அப்படியென்றால் மாமாவுக்கு வைக்கிற அந்த நீலக்கரைத் தட்டையாவது கொடுத்தனுப்புங்க என்றாள்.

தட்டைத் தரமாட்டேன்.

என்னைப் பெட்டியில் ஏற்ற முடியாது, என் தட்டை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டு போவீர்களா? நீங்கள் மூன்று பேரும் போய் சவுனாவில் உட்காருங்கள். நீ மேல்படியில் உட்கார்ந்து சுடுகல்லில் தண்ணீர் ஊற்று. அது என் இடம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குளிர்காலம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அர்விட் ஆறு வயதிலிருந்து பனிவண்டியோடு கிடப்பவன். ஒரு வண்டிக்கு ரிவர்ஸ் இல்லையென்றால் டிரெய்லருக்கு முன்கதவு வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வண்டிக்கு பெல்ட் மாற்றுவது அவன்தான். விலையும் ஒன்று, நீளமும் ஒன்று. அப்படியிருக்க ஒரு அலமாரிக்காகவா அவன் அதை வாங்கினான்?

நீ அந்த அலமாரியைத் திறந்து மூடியபோது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரி அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நேராகச் சொல்.

ஹில்யா


பிப்ரவரி 10, 2004

அக்கா,

சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். கேட்டதும் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

காலையில் கிளம்பும்போது ஈரப்பனி. இரண்டரை மணி நேரம் சாலையெல்லாம் கஞ்சி மாதிரிக் கிடந்தது. வடக்கே போகப் போகக் குளிர் ஏறி, கடைசி அரைமணி நேரத்தில் எல்லாம் கல்லாகிவிட்டது. பனித்தடம் தொடங்கும் இடத்தில், மதுக்கடை முன்னால், அர்விட் இறங்கிப் பின்கதவைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. தாழ்ப்பாள் இருக்கும் இடமே தெரியவில்லை, கதவு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு சாண் பனிக்கட்டி. பக்கவாட்டில் ஆள் நுழைகிற சின்னக் கதவு வழியாகக் கரோல் உள்ளே போய் உதைத்தாள். வெளியே நாங்கள் சுத்தியலால் தட்டினோம். அவசரத்தில் அர்விட் பிளாஸ்கில் இருந்த காபியைத் தாழ்ப்பாளில் ஊற்றினான். அது ஒரு நிமிஷத்தில் பழுப்பாக உறைந்து, இருந்த இடுக்கையும் அடைத்துவிட்டது.

அப்புறம் மதுக்கடைக்காரி தலைமுடி காயவைக்கிற டிரையரை நீள வயரோடு கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தன், "இதுக்குத்தான்யா முன்கதவு வெச்சு செய்றான்" என்றான்.

அர்விட் டிரையரைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், "எங்கம்மா அப்பவே சொன்னா" என்றான்.

கதவு திறக்கும்போது மணி நாலு. ஏரிக்கரை வீட்டுக்கு இன்னும் இருபது மைல் இருக்கிறது. இருட்டில் பனிக்கட்டிமேல் போகவேண்டாம் என்று திரும்பிவிட்டோம். வெய்க்கோவுக்கு இந்த வருஷம் தட்டு வைக்கவில்லை. கரோல் காகிதத் தட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தாள், அது உறை பிரிக்காமல் என் மடியில் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது நீ கேட்டதற்கு.

போன பிப்ரவரியில் ஏரியிலிருந்து திரும்பும்போது பழைய மரஅறுப்பு ஆலை வளைவில் உன் வண்டி திரும்பாமல் நேராக மரங்களுக்குள் போனது. நரி மாதிரி ஏதோ தடம் தெரிந்தது, பார்க்க நிறுத்தினேன் என்று எங்களிடம் சொன்னாய். அர்விட் உனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். நீ நிறுத்தவில்லை, வண்டிதான் மரத்தில் உரசி நின்றது என்று அவன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் கெட்டுப்போனது.

டியூயியிடம் போவதற்கு முந்தைய வாரம் என் கொட்டகையில் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னான். முன்கதவு இல்லாததை வாங்கிவிட்டால் அம்மா வண்டி தானாக வீட்டில் நின்றுவிடும் என்றான். அதை நீ சொல்லேண்டா என்றேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சித்தி, நீயே சொல்லிடு. உன்மேல அம்மாவுக்கு எப்பவும் கோபம்தான். இன்னொண்ணு சேர்ந்தா தெரியாது."

நான் மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உன்னிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்கிறானே என்று எனக்கு இனித்தது. அந்த இனிப்புக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அன்று உன் முகத்தைப் பார்க்காததும் அதனால்தான்.

லெம்பி


பிப்ரவரி 17, 2004

லெம்பி,

காபி ஊற்றினான் என்ற இடத்தில் சிரித்தேன். அது அவன் அப்பா புத்தி. அவரும் ஒரு தடவை சூப்பை ஊற்றினார்.

அந்த வளைவைப் பற்றிச் சொன்னது உண்மை. தடமும் இல்லை, நரியும் இல்லை. 2002 ஆகஸ்டிலிருந்து, வண்டிக்கு வேகம் கொடுக்கிற வலது கட்டைவிரல் சொன்னபடி கேட்பதில்லை. அழுத்தினால் அழுத்தியபடியே இருக்கிறது, எடு என்றால் எடுப்பதற்குள் வளைவு வந்துவிடுகிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இதுவும் உனக்கு இனிக்கட்டும்.

சரி, கேள். பிப்ரவரி 28, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு உன் பிக்கப்பில் இங்கே வா. உன் வண்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வா, டிரெய்லர் வேண்டாம். என் கொட்டகையில் பழைய திறந்த டிரெய்லர் ஒன்று இருக்கிறது, சக்கரத்துக்குக் காற்று அடித்துவிட்டேன். என் வண்டியை நான் ஏற்றுவேன். போய்ச் சேர்ந்ததும் நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் வாலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். எல்லாம் உப்பாகும், துடைத்துக்கொள்ளலாம். அர்விட்டிடம் சொல்லாதே. நீ சொன்னாயா இல்லையா என்பது உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

ஏரியில் நீ முன்னால் போ. மெதுவாகப் போ. உன் தடத்திலேயே நான் வருகிறேன். அறுப்பு ஆலை வளைவு வந்ததும் கையைத் தூக்கிக் காட்டு, நான் அங்கேயே கட்டைவிரலை எடுக்க ஆரம்பித்துவிடுகிறேன். இது என் கடைசித் தடவை. அதை நான்தான் முடிவு செய்தேன், எந்தக் கதவும் முடிவு செய்யவில்லை. தட்டை நான் கொண்டுவருகிறேன். ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவருகிறேன், ஓரம் உனக்கு. சவுனாவில் மேல்படி மட்டும் எனக்கு.

அன்று அங்கே இருந்தவர்களை மறுபடியும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நாயின்மேல் எனக்கு எதுவும் இல்லை. டியூயி கேட்டதைக் கொடுத்தான், அவன்மேலும் இல்லை. கரோல் காகிதத் தட்டாவது வாங்கினாள், அவளை விட்டுவிட்டேன். நீ என் ஏப்ரனைக் கட்டினாய், என் பிள்ளையை வைத்திருந்தாய், நான்தான் அம்மா என்று சொல்ல ஒரு கோப்பை நேரம் எடுத்துக்கொண்டாய், அலமாரியைத் திறந்து மூடினாய். நானும் உன் பெட்டியை வாசலில் வைத்தேன். நீ சிரமப்பட்டாய், லெம்பி. நாற்பத்தைந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன், வாங்கிக்கொள்.

ஆனால் ஒருத்தன் என் சமையலறைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, அம்மா உனக்கு வயசாயிடுச்சு, இனி ஓட்டாதே என்று சொல்லியிருக்கலாம். வாணலியை எடுத்து எறிந்திருப்பேன். அப்புறம் அவனுக்குக் காபி ஊற்றியிருப்பேன். அவன் வரவில்லை. என்னை நினைத்துப் பயந்து தூக்கம் கெட்டவன், அந்தப் பயத்தைக்கூட என்னிடம் கொண்டுவராமல் உன்னிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அதுவாவது எனக்குச் சேர வேண்டியது.

மன்னிக்க மாட்டேன் என்று ஒரே ஒரு பெயரை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் உன் பெயர்தான் இருந்தது. இன்று காலையில் அதை எடுத்துவிட்டு வேறு பெயரை வைத்தேன்.

அர்விட்.